நிற்கும் நிலமும் நோக்கும் திசையும்

எங்கும் நிறைந்த ஒரு பொருளுக்கு நான்கு சுவர்களும் ஒரு கூரையும் எதற்கு என்ற கேள்வி, மனிதன் முதற் கோயிலைக் கட்டிய நாளிலிருந்தே அதன் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. விண்ணகமே போதாத பரம்பொருளைத் தான் எழுப்பிய மாளிகை எங்ஙனம் தாங்கும் என்று, எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த அன்றைக்கே சாலமோன் மன்னன் திகைத்ததாக எபிரேய வேதம் கூறுகிறது. பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாக அருளப்பட்டிருக்கிறது என்பது நபிகள் நாயகத்தின் வாக்காக இஸ்லாமியர் போற்றிவரும் செய்தி. நம் நாட்டிலோ, திருநின்றவூர்ப் பூசலார் கைப்பொருள் ஏதுமின்றி மனத்துக்குள்ளேயே அடிக்கல் நாட்டி, மதிலும் விமானமும் எழுப்பி, நாள் குறித்துக் குடமுழுக்குக்கும் ஆயத்தம் செய்தபோது, காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அந்நாளில் தாம் பூசலாரின் ஆலயத்தில் புகவிருப்பதால் மன்னன் தன் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளவேண்டும் என்று பணித்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே பாடியிருக்கிறார்.

இவ்வாறு எல்லாச் சமயங்களும் கட்டடத்தைக் கடந்த கடவுளைப் பற்றிப் பேசுகின்றன. பேசிக்கொண்டே கட்டிக்கொண்டும் இருக்கின்றன. பூசலார் மனத்தில் கட்டிய கோயிலுக்குக்கூடத் திருநின்றவூரில் இன்று கல்லால் ஆன கோயில் ஒன்று, இருதயாலீசுவரர் என்ற திருநாமத்தோடு இருக்கிறது. இதனை முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. கட்டடம் கடவுளுக்குத் தேவையில்லை என்று நன்றாகத் தெரிந்த மனிதர்களே தலைமுறை தலைமுறையாகத் தம் செல்வத்தையும் வியர்வையையும் அதிலே கொட்டியிருக்கிறார்களென்றால், அதனால் கடவுளுக்கு அல்லாமல் மனிதனுக்கு ஏதோ ஒரு பிரயோஜனம் இருந்தாக வேண்டும். அது யாது என்று ஆராய்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அந்த ஆராய்ச்சிக்குத் தஞ்சையையும் மதுரையையும் விட்டுவிட்டு, லட்சக்கணக்கான தமிழர்கள் பிழைப்புத் தேடிச் சென்று வாழும் வளைகுடா நாடுகளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரு கோயில் நூற்றாண்டுகளின் ஊடே மரம் வளர்வதுபோல வளர்ந்து நிற்கிறது. அதன் எந்தக் கல்லில் பக்தி முடிந்து எந்தக் கல்லில் பழக்கம் தொடங்குகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை. அங்கேயோ, நேற்றுவரை மணலாகக் கிடந்த நிலத்தில், கட்டடக் கலைஞர்களை அழைத்து, வரைபடம் தீட்டச் செய்து, எல்லாவற்றையும் ஆலோசித்துத் தீர்மானித்து, ஆண்டுக் கணக்கில் முடித்து நிறுத்துகிறார்கள். ஆகையால் அங்கே ஒவ்வொரு சுவரும் ஏன் அங்ஙனம் நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் கேட்டுப் பெறலாம்.

அபுதாபி நகரை அடுத்த சாதியாத் தீவில் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அபிரகாமியக் குடும்ப இல்லம் என்னும் கட்டடத் தொகுதியை இங்கே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2019 பிப்ரவரி 4 அன்று, அரேபியத் தீபகற்பத்தில் காலடி வைத்த முதல் போப்பாண்டவராகிய பிரான்சிஸ் அவர்களும், கெய்ரோவின் அல்-அஸ்ஹர் தலைமை இமாமாகிய அகமது அல்-தய்யிப் அவர்களும் அபுதாபியிலே மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணம் ஒன்றில் கையொப்பமிட்டார்கள். அந்த ஆவணத்தின் பாவனைக்கு உருவம் கொடுப்பதற்காக எழுந்ததே இவ்வில்லம். கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து லண்டனில் தொழில் நடத்தும் டேவிட் அட்ஜாயே இதை வரைந்தார். ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம், ஒரு யூதர் ஜெபாலயம் என மூன்று ஆராதனைக் கூடங்கள், ஓர் உயர்ந்த தோட்ட மேடையின்மீது அமைந்திருக்கின்றன. பள்ளிவாசல் இமாம் அல்-தய்யிபின் பெயரைத் தாங்குகிறது. தேவாலயம் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் பெயரைத் தாங்குகிறது. சிலுவைப் போர் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1219-இல், படையணிகளைக் கடந்து எகிப்தின் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்து உரையாடிய துறவி அவர். ஜெபாலயம் மோசே பென் மைமோனின் பெயரைத் தாங்குகிறது. ஸ்பெயினின் கோர்தோவாவிலே பிறந்து, எகிப்திலே வைத்தியராக வாழ்ந்து, யூதத் தத்துவத்தின் தலையாய நூலை அரபு மொழியிலேயே இயற்றிய மேதை அவர். பெயர் சூட்டியதிலேயே, ஒரு சமயத்துக்குள் நின்றுகொண்டே மற்றொரு சமயத்தாரோடு பேசத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்த விவேகம் தெரிகிறது.

மூன்று கூடங்களும் கனசதுரங்கள். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 30 மீட்டர்; ஒன்று மற்றொன்றைவிட ஒரு சாண்கூட உயரவில்லை. இந்த வடிவத்தை வெறும் சமத்துவக் குறியீடாக மட்டும் கொள்வோர் அதன் ஆழத்தைத் தவறவிட்டவராவர். சாலமோன் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் நீளத்திலும் அகலத்திலும் உயரத்திலும் இருபது முழம் கொண்ட கனசதுரமென்று எபிரேய வேதம் அளவு சொல்கிறது. கிறிஸ்தவ வேதத்தின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில், வானிலிருந்து இறங்கிவரும் புதிய எருசலேம் நீளமும் அகலமும் உயரமும் சமமான நகரமாகக் காட்சியளிக்கிறது. உலக முஸ்லிம்கள் யாவரும் முகம் திருப்பி நிற்கும் கஅபாவும் ஏறத்தாழக் கனசதுரமே. நம் ஆகம மரபில் கர்ப்பக்கிருகம் பெரும்பாலும் சதுரத் தரையின்மீதுதான் எழுகிறது. ஒருவரையொருவர் பார்த்து இவ்வடிவத்தை எல்லோரும் கைக்கொண்டார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. எந்தப் பக்கத்துக்கும் ஏற்றமோ தாழ்வோ தராத வடிவத்தை, எந்தப் பக்கத்துக்கும் சொந்தமாகாத பொருளுக்கு உரியதென்று மனித மனம் தானாகவே கண்டுகொண்டது போலும்.

ஆயினும் இவ்வில்லத்தில் என் சிந்தையை மிகவும் கவர்ந்த அம்சம் வேறு. மூன்று கனசதுரங்களும் ஒரே கோட்டில் அணிவகுத்து நிற்கவில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் திரும்பியிருக்கிறது. பள்ளிவாசல் மக்காவை நோக்கியாக வேண்டும். அபுதாபியிலிருந்து அது ஏறத்தாழ மேற்கு. தேவாலயத்தின் பலிபீடம் உதயசூரியனின் கிழக்கை நோக்குகிறது. ஜெபாலயம் வடமேற்கே கிடக்கும் எருசலேமை நோக்குகிறது. ஆகவே, பள்ளிவாசலிலே தொழுகைக்கு அணிவகுத்தவரும் தேவாலயத்திலே பூசைக்குக் கூடியவரும் ஒரே வேளையில் நிற்பார்களேயானால், அவர்கள் ஏறத்தாழ ஒருவருக்கொருவர் முதுகு காட்டியே நிற்பார்கள். நிற்கும் மேடையோ ஒன்று. சமயங்களின் ஒற்றுமை என்ற பெயரால் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ சொற்பொழிவுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, எல்லோரும் ஒரே திசையைத்தான் நோக்குகிறோம் என்று சாதிக்க முயன்று, எந்தச் சமயத்தாரையும் முழுமையாகத் திருப்தி செய்யாமல் முடிந்தவை. ஏகத்துவத்தில் உறுதியான முஸ்லிமுக்கும், கிறிஸ்துவே வழி என்று நம்பும் கிறிஸ்தவருக்கும், தம் முன்னோரோடு ஆண்டவன் செய்த உடன்படிக்கையைப் பேணும் யூதருக்கும், தத்தம் சத்தியம் மூன்றில் ஒன்று அன்று. அதை மூன்றில் ஒன்றாக்கி ஒரே கூடத்தில் கலந்துவிடும் திட்டம், பார்வைக்குப் பெருந்தன்மையாயினும், உள்ளூர அவர்களை அவமதிப்பதாகும். இங்கே கட்டடக் கலைஞர் அதைச் செய்யவில்லை. திசைகளை அவரவர்க்கே விட்டுவிட்டு, நிலத்தை மட்டும் பொதுவாக்கினார். மனிதர் ஒருமிக்க வேண்டியது நோக்கும் திசையில் அன்று, நிற்கும் நிலத்தில் என்ற தத்துவத்தை, ஒரு வாக்கியமும் எழுதாமல், வெறும் கோணங்களாலேயே அவர் நிலைநாட்டியிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில், மூன்று கூடங்களுக்குத்தானே அங்கே மேடை, ஆபிரகாமின் வம்சத்தைச் சேராத நாம் எங்கே நிற்பது என்று தமிழ் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை அதே அபுதாபி எமிரேட்டில், துபாய்க்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய அபு முரைக்கா என்ற இடத்தில் நிற்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் இன்றைய அதிபர் ஷேக் முகமது பின் சாயித் வழங்கிய 27 ஏக்கர் நிலத்தில், சுவாமி நாராயண் சம்பிரதாயத்தின் பி.ஏ.பி.எஸ். ஸ்தாபனம் கட்டிய மந்திர், 2019 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2024 பிப்ரவரி 14 அன்று பிரதிஷ்டையாயிற்று. ராஜஸ்தானத்து இளஞ்சிவப்பு மணற்கல்லையும் இத்தாலியப் பளிங்கையும் இந்தியாவில் சிற்பிகள் செதுக்க, செதுக்கிய துண்டுகள் கப்பலேறிச் சென்று பாலைவனத்தில் கல்மேல் கல்லாகக் கூட்டப்பட்டன. சிற்ப சாஸ்திர மரபுப்படி இரும்பையும் எஃகையும் தவிர்த்து, கல்லின் பாரத்தைக் கல்லே தாங்குமாறு எழுப்பப்பட்ட அக்கோயிலின் உயரம் 108 அடி. ஏழு எமிரேட்டுகளின் நினைவாக ஏழு சிகரங்கள். அவற்றின் கீழே திருப்பதி வேங்கடேசருக்கும் சபரிமலை ஐயப்பனுக்கும்கூடச் சந்நிதிகள் உண்டு. அஸ்திவாரத்துக்குள்ளும் மேலேயும் முந்நூறுக்கு மேற்பட்ட உணர்விகளைப் பதித்து, வெப்பத்தையும் அழுத்தத்தையும் நில அசைவையும் இடைவிடாது அளந்துகொண்டிருக்கிறார்கள். முஸ்லிம் மன்னர் நிலம் கொடுக்க, கிறிஸ்தவர் ஒருவர் தலைமைக் கட்டடக் கலைஞராக, சீக்கியர் ஒருவர் திட்ட மேலாளராக, பார்சிக் குடும்பம் ஒன்று தோற்றுவித்த நிறுவனம் கட்டுமானத்தை நடத்தியது என்று அந்த ஸ்தாபனத்தார் பெருமையோடு எடுத்துரைக்கிறார்கள்; பெருமைப்படத் தக்கதே.

இத்தகைய கைமாற்றம் தமிழருக்குப் புதிதன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கற்பள்ளிகளுக்குள் சென்றவர்கள் அறிவார்கள்: திராவிடச் சிற்பிகளின் உளி செதுக்கிய தூண்கள், போதிகைகள், பூவேலைப்பாடுகள் யாவும் அங்கே உண்டு, உருவங்கள் மட்டுமே இல்லை. அரபுக் கடல் வணிகம் கொண்டுவந்த சமயம், பாண்டிய நாட்டு ஸ்தபதியின் கையை அச்சமின்றிக் கடன் வாங்கியது. ஸ்தபதியும் தன் சாஸ்திரத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று தெளிவாக அறிந்தே கொடுத்தான். அதே கீழக்கரையின் மக்கள்தாம் பின்னாளில் துபாயிலும் அபுதாபியிலும் கட்டுமானத் தொழிலில் தலையெடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது, ஒரு பழைய கடன் வேறொரு கரையில் திரும்பச் செலுத்தப்பட்டது போன்ற ஓர் உணர்ச்சி எனக்கு எழுகிறது.

கோயில் அமையாத ஊரில் குடிபுகலாகாது என்று குழந்தைப் பருவத்திலேயே நமக்கு ஔவையின் பெயரால் உபதேசித்திருக்கிறார்கள். ஆனால் பிழைக்கப் போனவனுக்கு ஊரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஏது? ஆகவே அவன் போன ஊரிலேயே தனக்கு வேண்டியதை அமைத்துக்கொண்டான். பஹ்ரைனின் மனாமாவில் தட்டாய் இந்து வணிகர்கள் 1817-இல் ஏற்படுத்திய ஸ்ரீநாத்ஜி கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பழைய மஸ்கட்டில், சுல்தானின் அரண்மனைக்கு அருகே, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட மோத்தீசுவர் சிவாலயம் இருக்கிறது. துபாயில், பர் துபாய்க் கடற்கழியின் ஓரத்தில், 1958 முதல் ஒரு சாதாரணக் கட்டடத்தின் மாடியே கோயிலாக இருந்துவந்தது. பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில், பூக்கடைகளின் வழியாக, படியேறிப் போய்த் தரிசனம் செய்துவிட்டு இறங்கவேண்டியிருந்தது. கோபுரம் இல்லை, பிராகாரம் இல்லை, திருக்குளம் இல்லை. மாடிக்குமேல் கோயிலா என்று ஆகமம் அறிந்தவர் முகம் சுளிக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில் அந்தப் படிகளில் நெரிசலோடு ஏறி, ஒரு முழம் மல்லிகையை உள்ளே கொடுத்துவிட்டு, ஊரில் இருக்கும் தாயின் அறுவை சிகிச்சைக்காகவும் தங்கையின் கல்யாணத்துக்காகவும் கண்ணை மூடி நின்ற ஆயிரமாயிரம் பேரின் முன்னால் அந்த ஆட்சேபம் எடுபடாது. 2022 அக்டோபரில் ஜெபல் அலியில், குருநானக் தர்பார் குருத்துவாராவுக்கு அருகே, பதினாறு தெய்வங்களின் சந்நிதிகளோடு விசாலமான புதிய கோயில் திறந்தபின், வசதி பெருகியது உண்மை. சாந்நித்தியம் பெருகியதா என்று கேட்டால், அந்தக் குறுகலான மாடியில் அது ஏற்கெனவே குறைவின்றி இருந்தது என்பதே என் பதில்.

கிறிஸ்தவத் தமிழரின் அனுபவமும் இதுவே. அபுதாபியில் 1965-லும் துபாயில் 1967-லும் ஆட்சியாளர்கள் அளித்த நிலத்தில் கத்தோலிக்க ஆலயங்கள் எழுந்தன. அமீரகத்தின் பல தேவாலயங்களுக்கு வெளியே மணிக்கூண்டோ உயர்ந்த சிலுவையோ கிடையாது. சுற்றுச்சுவருக்குள்ளே தமிழிலும் மலையாளத்திலும் தகாலோகிலும் அரபியிலும் பூசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முகப்பை இழந்த ஆலயம் ஆலயத்தன்மையை இழக்கவில்லை. சவூதி அரேபியாவில் பிற சமயத்தாருக்குப் பொது வழிபாட்டிடம் அமைக்க அனுமதியில்லை. அங்கே வேலை செய்யும் தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசலாரின் மார்க்கத்தைப் பின்பற்றுகிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மனக்கோயில் ஒருவன் தானாக மேற்கொள்ளும்போது ஞானம்; வேறு வழியின்றி ஒருவன்மேல் சுமத்தப்படும்போது அது வறுமையே. மனிதன் தனியே நினைக்கலாம். ஆனால் கூடிநின்று பாடாமல், பக்கத்தில் நிற்பவனின் கண்ணீரைக் காணாமல், அவன் பக்தி நெடுநாள் ஈரமாக இருப்பதில்லை. யூத மரபு பொதுப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று விதிப்பதும், இஸ்லாம் ஜமாஅத்தாகத் தொழுவதை உயர்த்திச் சொல்வதும் இந்த உண்மையை அறிந்தே. கடவுளுக்குத் தேவையற்ற கட்டடம் மனிதனுக்கு ஏன் தேவை என்ற முதற் கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது: மனிதன் மனிதனோடு சேர்ந்து நிற்பதற்கு அவனுக்கு ஒரு நிலம் வேண்டும்.

இதை ஒப்புக்கொண்டால், ஆராதனைக் கூடங்களோடு இந்த விசாரணை நின்றுவிட முடியாது. மனிதர் சேர்ந்து வாழும், சேர்ந்து உழைக்கும் கட்டடங்கள் எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன. பழைய வளைகுடா வீடுகளில் காற்றுக்கோபுரம் வெயிலைத் தணித்தது. வாசலை ஒட்டிய மஜ்லிஸ் என்னும் கூடம் வழிப்போக்கனுக்குக் காவா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் தந்து அமர்த்தியது. அதற்கும் நம் திண்ணைக்கும் உள்ள உறவு சொல்லாமலே விளங்கும். இன்றைய அடுக்குமாடி ஃப்ளாட்டில் திண்ணையும் இல்லை, மஜ்லிஸும் அரிது. வானளாவிய கோபுரங்களோ சமயத்துக்குப் புதிய கேள்விகளையே எழுப்பிவிட்டன. 828 மீட்டர் உயர்ந்த புர்ஜ் கலீஃபாவின் மேல்தளங்களில் சூரியன் தரையிலிருப்போருக்குப் பின்னரே மறைவதால், 80-ஆம் தளத்துக்கு மேலிருப்போர் இரண்டு நிமிடமும், 150-ஆம் தளத்துக்கு மேலிருப்போர் மூன்று நிமிடமும் தாமதித்தே நோன்பு திறக்கவேண்டுமென்று 2011 ரமலானில் துபாயின் மார்க்க அறிஞர் தீர்ப்பளித்தார். உயர உயர நோன்பு நீள்கிறது. மேலே ஏறியவனுக்குக் கடமை கூடுகிறதேயொழியக் குறைவதில்லை என்று அத்தீர்ப்பு உணர்த்துவதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கோபுரங்களின் சொந்தக்காரர்களுக்கும் அவற்றை வரைந்தவர்களுக்கும் அது பொருந்தும்.

ஏனெனில் அக்கோபுரங்களைக் கட்டியவர்கள் வேறிடத்தில் உறங்குகிறார்கள். துபாயின் சோனாப்பூர், அல் கூஸ், அபுதாபியின் முசஃபா முதலிய இடங்களில் உள்ள கேம்ப்களை அறியாத தமிழ்க் கிராமம் அரிது. கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், கொத்தனார், ஹெல்பர் என்று, ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிக்கொண்டு சென்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். தொழிலாளர் தங்குமிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று அமீரக அமைச்சரவை 2009-இல் விதித்தது; ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கலாகாது என்பதும் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள சட்டம். நல்ல சட்டங்கள், அவற்றை இயற்றியவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தையே கட்டடக் கலைஞன் தன் அதிகபட்சமாகக் கொள்வானானால், அவனுடைய கலைக்கு அதைவிடப் பெரிய தாழ்வு இல்லை. 3 சதுர மீட்டர் என்பது ஒரு கட்டில் விரித்து, பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, எழுந்து நிற்பதற்கான இடம். அந்தக் கட்டிலின் தலைமாட்டில் சிலர் முருகன் படம் ஒட்டியிருக்கிறார்கள். சிலர் வேளாங்கண்ணி மாதாவை ஒட்டியிருக்கிறார்கள். சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்த தொழுகை விரிப்பை மடித்து வைத்திருக்கிறார்கள். வழிபாட்டிடத்தின் கடைசி எல்லை அதுதான். எந்த விருதும் பெறாத அக்கட்டடத்தை வரைந்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

அபுதாபியின் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலை நான் மதிப்பது அதன் 82 குவிமாடங்களுக்காகவும், ஈரானிய நெசவாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முடிச்சிட்ட 5,627 சதுர மீட்டர்க் கம்பளத்துக்காகவும் மட்டுமல்ல. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் பாடுபட்டு 2007-இல் திறந்த அந்தப் பள்ளிவாசலின் வளாகத்தில், ஒவ்வொரு ரமலானிலும் நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு இஃப்தார் விருந்து நடக்கிறது. வந்து அமர்வோரில் மிகப் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளர்கள். தொழுகைக் கூடத்துக்குப் பக்கத்திலேயே பந்தி நடப்பதைக் காணும் தமிழனுக்கு வடலூர் நினைவுக்கு வராமலிராது. ராமலிங்க அடிகள் 1867-இல் முதலில் சத்திய தருமசாலையை அமைத்து, பசித்தவர்க்கு அடுப்பேற்றினார். ஐந்தாண்டு கழித்து, 1872 தைப்பூசத்தன்றுதான் எண்கோண வடிவிலான சத்திய ஞானசபையைத் திறந்தார். சாலை முந்தியது, சபை பிந்தியது. சபையின் உள்ளே, நிறம் வேறுபட்ட ஏழு திரைகள் விலக ஒளி தரிசனமாகும். அதனுள் நுழைவதற்கு அவர் விதித்த தகுதியோ பிறப்பைப் பற்றியதன்று, கொலையும் புலாலும் தவிர்த்த ஒழுக்கத்தைப் பற்றியது. தம் காலத்துக் கோயில்கள் யாரை எங்கே நிறுத்தின என்பதைக் கண்டு மனம் நொந்த ஒரு மகான், தம் தத்துவத்தைத் தாமே வகுத்த கட்டடமாக்கிக் காட்டியதற்கு இந்தியாவிலேயே இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. அடுப்பில்லாத சபையை அவர் கற்பனை செய்யவில்லை.

ஒரு கட்டடத்தின் புனிதம் அதன் வடிவிலிருந்து வருவதாக ஆகமப் பற்றுடையோர் கருதலாம். கூடுவோரின் நெஞ்சிலிருந்தே வருவதாக ஞானியர் கருதலாம். இரண்டிலும் உண்மை உண்டு என்று ஏற்கிறேன். கல்லை ஒழுங்காக அடுக்கத் தெரியாதவன் கூடுவோரின் மனத்தையும் கலைத்துவிடுவான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டுக்கும் முன்பாக ஒரு நிபந்தனையை வைக்க விரும்புகிறேன். எழுப்பிய கைகள் அதனுள்ளே மரியாதையோடு நிற்க முடியாத கட்டடத்தில், எத்தனை மந்திரங்கள் ஓதினாலும் பிரதிஷ்டை முழுமை பெறாது. நிலத்தைப் பொதுவாக்குவது என்றால் அதுவே பொருள். சாதியாத் தீவில் மூன்று சமயத்தாருக்கு ஒரே மேடையை விரித்த அந்தப் பெருந்தன்மை, அந்த மேடைக்குக் கான்கிரீட் கொட்டியவனின் படுக்கையறை வரைக்கும் நீளவேண்டும்.

வளைகுடா நாடுகளில் கட்டடக் கலைஞர்களாகவும், எஞ்சினீயர்களாகவும், டிராஃப்ட்ஸ்மேன்களாகவும், ஒப்பந்ததாரர்களாகவும் பணிபுரியும் தமிழர் ஏராளமாக இருக்கிறார்கள். ஷாப்பிங் மாலுக்கும் வில்லாவுக்கும் அலுவலகக் கோபுரத்துக்கும் வரைபடம் தீட்டும் அவர்கள் மேசைக்கு, என்றாவது ஒருநாள், தொழிலாளர் குடியிருப்பின் வரைபடமும் வந்தே தீரும். அதை இளையவர் ஒருவரிடம் தள்ளிவிடாமல், கோயில் கட்டும் சிரத்தையோடு தாமே வரையவேண்டும் என்று அவர்களை வேண்டிக்கொள்கிறேன். பெரும்பாலான கேம்ப்களில் தொழுகைக்கு இடம் ஒதுக்கப்படுகிறது; அதன் பக்கத்திலேயே, எந்தச் சமயத்தின் பெயரும் எழுதப்படாத, கட்டில்களும் தொலைக்காட்சியும் நுழையாத, வேலை முடிந்து வந்தவன் சற்றுநேரம் தனக்கு வேண்டிய திசையை நோக்கி அமர்வதற்கான ஓர் அமைதியான அறையையும், காற்றோட்டமுள்ள நல்ல சமையற்கூடத்தையும் சேர்த்து வரையுங்கள். முதலாளி செலவுக் கணக்குப் பார்த்து அவற்றை அடிக்கச் சொன்னால், ஒருமுறையாவது எடுத்துச் சொல்லி வாதாடுங்கள்.